ஒரு பிடி பாக்கி

கண்ணு,

நீ நலமா, நாங்கள் நலம் என்று ஆரம்பித்தால் அதிலேயே அரைப்பக்கம் ஓட்டிவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டாய். முதல் கேள்வி, "ஃபர்ஸ்ட் டைம் கிரெடிட் கார்டு எடுக்கப்போறேன்ப்பா, எத எடுக்கறது?" ஜீப்பை ஓரம் கட்டிவிட்டு அதற்கு ஏதோ பாதிப் பதில் சொன்னேன். இரண்டாவது கேள்வி, "சரி, உங்க ஸ்கோர் எவ்ளோப்பா?" அதற்கு, "அலோ, அலோ, ஒண்ணும் கேக்கல கண்ணு" என்று இரண்டு முறை கத்திவிட்டு வைத்துவிட்டேன். டவர் போய்விட்டது என்று நீ நினைத்திருப்பாய். நெல்லிவாசல் பாதையில் டவர் போவது புதுசா என்ன? ஆனால் அன்றைக்கு நான் நின்றிருந்தது மூன்றாவது வளைவுக்கு மேலே, அந்த மொட்டைப் பாறைக்குப் பக்கத்தில். நம் மலையிலேயே டவர் முழுசாகக் கிடைக்கிற ஒரே இடம் அது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த உன் அம்மா, "இன்னாத்துக்கு புள்ளகிட்ட பொய் சொல்ற?" என்றாள். அதுவும் கேட்காத மாதிரி வண்டியைக் கிளப்பினேன்.

இந்தக் கடிதம் அந்த இரண்டு கேள்விக்கும் பதில். பத்தாவது வரை படித்த கை, அதுவும் இருபது வருடமாக ஸ்டியரிங்கையே பிடித்த கை, எழுத்து கோணலாகத்தான் இருக்கும். உன் ஹாஸ்டல் தோழிகள் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. நம் மலையிலிருந்து கீழே படிக்கப் போன எந்தப் பிள்ளை கையில் இது கிடைத்தாலும் படிக்கட்டும். என் முட்டாள்தனம் யாராவது ஒருவருக்காவது உதவினால் அது வீணாகப் போகவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

நீ சொன்ன காரணம் நியாயமானது. வேலூரில் மைக்ரோபயாலஜி இரண்டாம் வருடம் முடிக்கப்போகிறாய். சனி, ஞாயிறு மருந்துக்கடையில் நின்று கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறாய். மேல்படிப்புக்குக் கடன் கேட்கும்போது உன் பெயரில் ஒழுங்காகக் கட்டிய வரலாறு ஒன்று இருக்க வேண்டும், அதை இப்போதே ஆரம்பிக்க வேண்டும் என்கிறாய். எல்லாம் சரி. "யார் கையெழுத்தும் வேணாம்ப்பா, என் பேரு மட்டும் போதும்" என்று கடைசியாகச் சொன்னாயே, அதுதான் ஒரு வாரமாக ஒவ்வொரு வளைவிலும் ஞாபகம் வருகிறது. நீ சொன்னதில் தப்பில்லை. அந்தப் பேச்சு உன் வாயிலிருந்து வரும்படி செய்தவன் நான்.

முதலில் முதல் கேள்வி. காலேஜ் வாசலில் குடை நட்டு மேசை போட்டு, கார்டு எடுத்தால் தோள்பை இலவசம் என்று கூப்பிடுகிறார்கள் என்றாயே, அவர்களை எனக்குத் தெரியும். நேரில் பார்த்ததில்லை, ஆனாலும் தெரியும். நம் புளியமரம் பூவெடுக்கிற காலத்தில் கீழேயிருந்து மலையேறி வருவாரே ஒரு வியாபாரி, ஒரு கையில் மைசூர்பாகு டப்பா, இன்னொரு கையில் உன் அம்மாவுக்குப் புடவை, அவர் வேறு யார்? இன்னும் காய் பிடிக்காத மரத்துக்கு விலை பேசி முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார். பங்குனியில் மரத்தை உலுக்கும்போது கணக்குப் பார்த்தால் அந்தப் புடவைக்கு நாம் பத்துப் புடவை விலை கொடுத்திருப்போம். உன் அம்மா அந்தப் புடவைகளைக் கட்டிக்கொண்டே அவரைத் திட்டுவாள். அதனால் பையைப் பார்க்காதே. முதல் வருடம் இலவசம் என்று சொல்லிவிட்டு இரண்டாம் வருடத்திலிருந்து கட்டணம் பிடிக்கிற கார்டு உண்டு. ஆயுள் முழுக்கக் கட்டணம் இல்லை என்று வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல். ஒரே நாளில் நாலு மேசையில் நாலு விண்ணப்பம் போடாதே. கேட்ட இடமெல்லாம் பதிவாகும். பத்து வீட்டில் பெண் கேட்டு அலைந்தவனுக்குப் பதினோராவது வீட்டில் என்ன மரியாதை கிடைக்குமோ அதுதான் உனக்கும் கிடைக்கும்.

மாதச் சம்பளம் என்று ஒன்று இல்லாத மாணவிக்கு நல்ல வழி, வங்கியில் ஒரு சிறு தொகையை ஃபிக்சட் டெபாசிட்டாகப் போட்டு அதன் மேல் கார்டு வாங்குவது. பத்தாயிரம் போட்டால் எட்டாயிரம், ஒன்பதாயிரம் வரைக்கும் செலவு செய்ய விடுவார்கள். டெபாசிட்டுக்கு வட்டியும் வரும். சம்பளச் சீட்டு கேட்க மாட்டார்கள், ஜாமீன் கேட்க மாட்டார்கள், அப்பன் கையெழுத்தும் கேட்க மாட்டார்கள். உனக்குச் சேமிப்புக் கணக்கு இருக்கிற வங்கியிலேயே கேள். ஏதாவது கோளாறு என்றால் நடந்து போய் ஒரு ஆள் முகத்தைப் பார்த்துப் பேசுகிற தூரத்தில் கிளை இருக்க வேண்டும். புள்ளி தருகிறேன், சினிமா டிக்கெட் தருகிறேன், ஏர்போர்ட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட விடுகிறேன் என்பதெல்லாம் இப்போது உனக்கு வேண்டாம். நம் ஜீப் ஏர்போர்ட் வரைக்கும் போகாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீ புருவத்தைத் தூக்குவது இங்கேயே தெரிகிறது. கண்ணு, என்னிடமும் அப்படி ஒரு கார்டு இருக்கிறது. இரண்டு வருடமாக இருக்கிறது. கீழே பங்க்கில் டீசல் போடுவதற்கு மட்டும் எடுப்பேன். ஒரு வருடம் உன் அம்மாவுக்கே தெரியாது. ஒருநாள் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பாக்கெட்டிலிருந்து விழுந்தது. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னாங்க, எந்த லாட்ஜ் சாவி இது?" என்று கேட்டாளே ஒரு கேள்வி! அவளுக்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் சாமைச் சோறு ஆறிப்போனது. அவளுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். மாதாமாதம் எப்படியும் செய்கிற ஒரு செலவை மட்டும் அதில் வை. உனக்கு போன் ரீசார்ஜும் பஸ் செலவும் போதும். எட்டாயிரம் வரை செலவு செய்யலாம் என்றால் இரண்டாயிரத்தைத் தாண்டாதே. அந்த எட்டாயிரத்தையும் மாதாமாதம் வழித்து எடுப்பவளைப் பார்த்தால், பாவம், கையில் ஒன்றுமில்லை போல என்று வங்கிக்குத் தோன்றும். அந்தக் கார்டைப் போட்டு மெஷினில் ரொக்கம் எடுக்கவே எடுக்காதே, எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி ஓடும். அறைத்தோழி அவசரம் என்று கேட்டால் உன் மருந்துக்கடைச் சம்பளத்தில் இருந்து கொடு, கார்டைக் கொடுக்காதே. போனில் வரும் ஓடிபியை எவனாவது கேட்டால் அவன் உன் மாமனே ஆனாலும் போனை வை.

அடுத்தது பில். அதைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். மாதம் ஒருமுறை வரும் அந்தப் பில்லில் இரண்டு தொகை போட்டிருப்பான். ஒன்று, கட்ட வேண்டிய முழுத்தொகை. அதற்குக் கீழேயே, ரொம்ப அன்பாக, குறைந்தபட்சம் இவ்வளவு கட்டினால் போதும் என்று இன்னொரு தொகை. இரண்டாயிரம் செலவு செய்தவளிடம் நூறோ இருநூறோ கேட்பான். அதைக் கட்டினால் அபராதம் இல்லை, போன் பண்ணி யாரும் திட்ட மாட்டார்கள். மீதிக்கு மட்டும் சத்தமில்லாமல் மாதத்துக்கு மூணு வட்டிக்கு மேல் ஏறும். கீழூரில் வட்டிக்கு விடுகிற ஈட்டிக்காரனே அவ்வளவு கேட்க யோசிப்பான். வேறு ஊர்ப் பிள்ளைகள் சோம்பலிலோ காசில்லாமலோ அதில் மாட்டுவார்கள். நம் மலைப்பிள்ளைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கொஞ்சம் பாக்கி நிற்கட்டும் என்பது நமக்குக் கெட்ட வார்த்தையாகத் தோன்றாது. மரியாதையாகத்தான் தோன்றும்.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் உன் தோழிகளுக்காக எழுதுகிறேன். நம் ஊரில் ஆனி, ஆடியில் விதைக்கச் சாமை இல்லாதவன் பங்காளி வீட்டில் ஒரு வள்ளம் விதை கடன் வாங்குவான். வள்ளம் என்பது எங்கள் அளவுப் படி. அறுவடை முடிந்ததும் சாக்கோடு வந்து கோபுரமாகக் குவித்து அளந்து திருப்பிக் கொடுப்பான். ஆனால் முழுசாகக் கொடுக்க மாட்டான். கடைசியில் ஒரு பிடியை அள்ளித் தன் சாக்கிலேயே போட்டுக்கொள்வான். கொடுத்தவர், "தீர்ந்துச்சா?" என்று கேட்பார். வாங்கியவன், "தீரல, ஒரு பிடி நிக்குது" என்பான். "நிக்கட்டும்" என்பார் அவர். அதற்கப்புறம்தான் இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கணக்கு சுத்தமாகத் தீர்ந்துவிட்டால் அந்த வீட்டுக்குப் போக அடுத்த வருடம் ஒரு காரணம் வேண்டாமா? சாக்கைத் தலைகீழாகப் பிடித்துக் கடைசி மணி வரைக்கும் உதறிக் கொட்டிவிட்டுப் போனால், இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று அர்த்தம்.

அப்படி ஒருவன் நம் வாசலில் உதறியிருக்கிறான். உன் சித்தப்பா. வரப்பில் நிற்கிற புளியமரம் இரண்டு பேருக்கும் பொது. ஒரு வருடம் அவனைக் கேட்காமல் நானே பூவில் விலை பேசி முன்பணம் வாங்கிவிட்டேன். அவன் பங்கைக் கொடுத்துவிட்டேன் என்றாலும் கேட்காமல் செய்தது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கார்த்திகையில் அவன் சாமை கொண்டுவந்து அளந்தான். பிறகு சாக்கைத் திருப்பிப் பிடித்து உதறினான், தூசி எழும்பி உன் அம்மாவுக்குத் தும்மல் வந்தது. உனக்கு அப்போது ஆறு வயது. கீழே விழுந்ததில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு, "சித்தப்பா, இத மறந்துட்டீங்க, இத மறந்துட்டீங்க" என்று அவன் பின்னாலேயே புங்கமரம் வரைக்கும் ஓடினாய். அவன் திரும்பவில்லை. நீ அழுதுகொண்டே திரும்பி வந்தபோது உன் கையில் ஏழெட்டு மணிதான் மிச்சம் இருந்தது. இன்றைக்கும் அவன் என் ஜீப்பில் ஏறுவதில்லை. பஸ் இல்லாத நாளில் ஜமுனாமரத்தூருக்கு நடந்தே போகிறான். அவன் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே நான் காலி சீட்டோடு தாண்டிப் போகிறேன். இரண்டு பேருக்கும் வயசாகிறது.

இப்போது ஜீப் கதை. இந்த ஜீப்பைக் கீழே ஒரு வங்கியில் கடன் வாங்கித்தான் எடுத்தேன், அது உனக்குத் தெரியும். ஐந்து வருடம் ஒரு தவணை தவறவில்லை. மழையில் பாதை அடைத்துக்கொண்ட மாதம்கூட நடந்து இறங்கிப் போய்க் கட்டினேன். கடைசித் தவணை ஒன்பதாயிரத்து இருநூறு ரூபாய். நீ ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பாட்டில் மலைத்தேனும் எடுத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் எட்டாயிரத்து எழுநூறு ரூபாய் வைத்தேன். உள்ளே இருந்தவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "ஐநூறு குறையுதே" என்றார். "தெரியும் சார். நிக்கட்டும்" என்றேன். "நிக்கட்டும்னா?" என்றார். "அஞ்சு வருசப் பழக்கம் சார். சுத்தமா தீத்துட்டு போனா நல்லாவா கீது?" என்றேன். அவர் சிரித்தார். கையில் காசு குறைகிறது, வெளியே சொல்ல வெட்கப்படுகிறான் என்று நினைத்திருப்பார், பாவம். "சரி, அடுத்த மாசம் கட்டிடுங்க" என்று சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்தார். தேனையும் வாங்கிக்கொண்டார். நான் உலகத்தையே வென்றவன் மாதிரி மலையேறி வந்தேன்.

நீ சிரித்தால் சிரித்துக்கொள். அதற்கப்புறம் வங்கியிலிருந்து கடிதம் வர ஆரம்பித்தது. எல்லாம் இங்கிலீஷ். பாத்தியா, கடன் முடிஞ்சும் மறக்காம நம்மள விசாரிக்கிறாங்க என்று உன் அம்மாவிடம் பெருமையடித்தேன். பிரிக்காமலே ஜீப் டேஷ்போர்டு பெட்டியில், ஸ்க்ரூடிரைவருக்குப் பக்கத்தில் போட்டு வைத்தேன். வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த நீ இருந்தாய். உன்னிடம் காட்டியிருக்கலாம். ஏன் காட்டவில்லை என்றால், அப்பனுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்று நீ மறுபடியும் ஒருமுறை பார்க்க வேண்டாமே என்றுதான். அந்த வீம்புக்கு விலை உண்டு என்று அப்போது தெரியாது.

பிளஸ் டூ முடித்ததும் உனக்குச் சென்னையில் பிசியோதெரபி சீட் கிடைத்தது. கடனுக்கு விண்ணப்பித்தோம், என் கையெழுத்தோடு. மறுத்துவிட்டார்கள். அன்றைக்கு மலையேறி வந்து நான் உன்னிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "மலைக்காரனுங்களுக்கெல்லாம் குடுக்க மாட்டாங்களாம் கண்ணு. அந்த மேடம் மூஞ்சிய கூட பாக்கல." கண்ணு, அது பொய். முழுப் பொய். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார்கள். ஜீப் கடன் இன்னும் மூடப்படவில்லை. நான் மரியாதைக்கு விட்ட ஐநூறு, அபராதமும் வட்டியும் சேர்ந்து நாலாயிரத்துச் சொச்சமாக நின்றது. தொகை பெரிதில்லை. ஆனால் மூன்று வருடம், மாதம் தவறாமல், கட்டவில்லை, கட்டவில்லை என்று என் பெயருக்கு எதிரே பதிவாகியிருந்தது. ஐந்து வருடம் மழையில் நடந்து கட்டியவன் அந்தத் திரையில் ஏமாற்றுக்காரனாக இருந்தேன். "ஏன் சார் இத மட்டும் கட்டாம வுட்டீங்க?" என்று அந்த அம்மா நிஜமாகவே புரியாமல் கேட்டார்கள். ஒரு பிடி கதையை அவர்களிடம் எப்படிச் சொல்வது? அன்றே கட்டினேன். ஆனால் பதிவு மாறி, மறுபடியும் கேட்டு வாங்க மாதக் கணக்கில் ஆகும் என்றார்கள். உன் சேர்க்கைக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

அந்த வருடம் நீ வீட்டில் உட்கார்ந்து அம்மாவோடு புளி தட்டினாய். கொட்டை எடுக்கும் சத்தம் காலை முதல் சாயந்திரம் வரை கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் நான் சவாரி இல்லாத நாளிலும் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனேன். அடுத்த வருடம் வேலூரில் சேர்ந்தாய். காலேஜ் டே அன்று பேச்சுப்போட்டியில் பேசினாய். மலைப்பெண் ஒருத்தியை ஒரு வங்கி எப்படி முகம் பார்க்காமல் திருப்பி அனுப்பியது என்று நீ சொன்னபோது அரங்கமே எழுந்து நின்றது. மூன்றாவது வரிசையில் நானும் எழுந்து நின்று கை தட்டினேன். உன் அம்மா தட்டவில்லை, என்னையே பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். என் வாழ்க்கையில் நான் செய்த அசிங்கமான காரியம் எது என்று யாராவது கேட்டால் அந்தக் கைதட்டலைத்தான் சொல்வேன். நல்லவராக நடந்துகொண்ட ஒரு அம்மாவைப் பழிக்கு ஆளாக்கி, என் பிள்ளையின் வாயாலேயே அதைச் சொல்ல வைத்து, அதற்குக் கை வேறு தட்டினேன்.

அதனால்தான் போன மாதம் நீ லீவுக்கு வந்துவிட்டுக் கிளம்பும்போது நடந்ததை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. போன வருடம் உனக்கு போன் வாங்க நான் ஒன்பதாயிரத்து ஐந்நூறு கொடுத்தேன். அதை நீ ஒரு கவரில் போட்டு, வாயை ஒட்டி, பஸ் ஏறும் இடத்தில் என் கையில் வைத்தாய். "போன் காசுப்பா. எண்ணிப் பாருங்க" என்றாய். "எண்றதுக்கு இன்னா கீது" என்று ஜீப் டேஷ்போர்டு பெட்டியில் போட்டேன். "இல்லப்பா, எண்ணிப் பாருங்க" என்று மறுபடியும் சொன்னாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். எனக்கு உன் சித்தப்பா சாக்கை உதறியதுதான் தெரிந்தது. இவளுக்கு உண்மை தெரிந்துவிட்டது, யாரோ வங்கியில் சொல்லிவிட்டார்கள், அப்பனிடம் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். அதற்கு மேல் போன வாரம் போனில் ஸ்கோர் கேட்டாய். நான் டவரைச் சாக்காக வைத்து ஓடினேன்.

இதோ உன் இரண்டாவது கேள்விக்குப் பதில். அன்றைக்கு வங்கியில் அந்த அம்மா காட்டியபோது ஐந்நூற்று எண்பத்து நான்கு. டீசல் கார்டை மாதாமாதம் ஒரு ரூபாய் பாக்கி இல்லாமல் கட்டிக் கட்டி, இந்த மாதம் எழுநூற்றுப் பதினொன்று. வங்கியிடம் எதையும் நிற்க விடாதே, கண்ணு. அதற்கு நம் பாஷை தெரியாது. முழுத்தொகையும் தானாகவே போகிறபடி உன் கணக்கில் சொல்லி வை. எந்தக் கடன் முடிந்தாலும் முடிந்தது என்று எழுத்தில் வாங்கு. வருடத்துக்கு ஒருமுறை உன் கடன் பதிவை நீயே எடுத்துப் பார். கடிதம் வந்தால் பிரித்துப் படி. டெபாசிட்டுக்கு உன் கவர் பணத்தையே மேலே ஐந்நூறு சேர்த்துப் பத்தாயிரமாக உன் கணக்கில் போட்டுவிடுகிறேன். வேண்டாம் என்றால் திருப்பி அனுப்பு. என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்த ஒரு வருடத்தை உனக்கு என்னால் திருப்பித் தர முடியாது.

கடிதம் இங்கே முடிந்திருக்க வேண்டும். காலையில் முதல் சவாரிக்கு முன்னால், வங்கியில் போடுவதற்காகக் கவரைப் பிரித்தேன். எண்ணினேன். ஒன்பதாயிரத்து நானூற்றுத் தொண்ணூறு. மறுபடியும் எண்ணினேன். உன் அம்மாவைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். "பத்து ரூபா கம்மியா கீதுங்க" என்றாள். பிறகு நோட்டுகளை வரிசையாகக் கட்டிலில் பரப்பினாள். பதினெட்டு ஐந்நூறு ரூபாய் நோட்டு, நாலு நூறு, ஒரு ஐம்பது, இரண்டு இருபது. அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். "பத்தொம்பது ஐநூறு நோட்டு வெச்சா முடிஞ்சுபோற கணக்கு இது. ஒரு நோட்ட சில்லறை மாத்தி, அதுல பத்த எடுத்துட்டு வெச்சிருக்கா. எண்ணிப் பாரு எண்ணிப் பாருன்னு புள்ள எத்தன வாட்டி சொல்லுச்சு?" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்குத் துடைக்க ஜீப் துணிதான் கிடைத்தது.

உனக்கு உண்மை முன்பே தெரியுமா, தெரிந்துதான் அப்படி வைத்தாயா, எனக்குத் தெரியாது. தெரியாமல் வைத்திருந்தால் இந்தக் கடிதம் உன்னைக் கோபப்படுத்தும். கிழித்துப் போட்டுவிட்டு, பத்து ரூபாயை நெஞ்சில் வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். சவாரிக்கு வந்தவர்கள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தார்கள். வங்கிக் கடிதங்களைப் பிரிக்காமல் வைத்திருந்த அதே பெட்டியில் இதையும் வைக்க மனசு வரவில்லை. தபாலில் போடத்தான் போகிறேன். கோபம் வந்தால் போனில் திட்டு, மொட்டைப் பாறையிலேயே நின்று முழுசாகக் கேட்கிறேன். போகிற வழியில் உன் சித்தப்பா நடந்து போனால் இன்றைக்கு வண்டியை நிறுத்துவேன், ஏறுவதும் ஏறாததும் அவன் இஷ்டம்.

பத்து ரூபாயைப் பற்றி ஒன்றும் பேசாதே. நிக்கட்டும், கண்ணு.

அப்பா